நகரத்தின் நேர்

தாமிரபரணிக் கரையில் எழுந்த புது நகரத்தில் காலை பத்து மணிக்கு எல்லோரும் ஒருமுறை மெல்ல அசைந்து நிற்பார்கள். காற்று பட்ட நாணல்காடு போலிருக்கும். உடைக்குள் அணிந்த நிமிர்வலை, தன் இழைத் தசைகளால் அவர்கள் முதுகை இழுத்து நேராக்கும் நேரம் அது.

செண்பகவல்லிக்கு நாற்பத்து மூன்று வயது. கட்டடச் சுவர்களைச் சோதிக்கும் வேலை. பதினான்கு வயதிலிருந்தே முதுகெலும்பில் பதினெட்டு பாகை வளைவு. அறுவை தேவையில்லை, மூச்சுப் பயிற்சியும் நடையும் போதும் என்றிருந்தார் மருத்துவர். இருபது வருடத்துக்கு மேல் ஒருநாள் தவறாமல் செய்தாள். வலை வந்ததும் விட்டுவிட்டாள். வலியில்லாமல், தண்ணீருக்குள் நடப்பதுபோல் இதமாக நடந்தாள்.

ஏழாம் வருடம் இடுப்பு மறுபடி வலித்தது. வலையைக் கழற்றி வைத்துவிட்டுப் பழைய பயிற்சிக்குத் திரும்பினாள். நான்கு மாதத்தில் வலி தணிந்தது. மீண்டும் அணிந்த அன்று வலை அவளை இடப்பக்கமாக இழுத்தது.

பழுதுபார்க்கும் நிலையத்தில் இருந்த ஐசக், அவள் தங்கையோடு படித்தவன். திரையைப் பார்த்தான்.

"வலை நல்லாத்தான் இருக்குக்கா. நீங்கதான் வலப்பக்கம் சாஞ்சு நிக்கிய."

"நேருன்னு அது எத வச்சுச் சொல்லுது?"

"போட்டிருக்க எல்லார் முதுகையும் தெனமும் அளக்கும். அதோட சராசரிதான் நேரு."

"வலை பாத்துக்கிடும்னு எல்லாரும் ஒடம்ப விட்டுட்டா?"

செண்பகவல்லி பையிலிருந்து சுவரின் நேர் பார்க்கும் தூக்குக்குண்டை எடுத்தாள்.

"திரும்பி நில்லு."

அவன் பிடரியிலிருந்து நூலைத் தொங்கவிட்டுப் படமெடுத்துக் காட்டினாள். இடுப்பருகே முதுகெலும்பை விட்டு இடப்பக்கம் இரண்டு விரல் விலகித் தொங்கியது நூல்.

"எனக்கு வளைவே கிடையாதேக்கா," என்றான் ஐசக்.

எல்லோர் முதுகும் இடப்பக்கம் சாய்வதாக அவள் நகரசபைக்கு எழுதினாள். மூன்று மாதத்தில் பதில் வந்தது. மக்கள் அனைவரும் நேராகவே இருக்கிறார்கள்; சுவர்கள்தாம் சாய்ந்து தெரிவதாகப் புகார்கள் வருகின்றன; அவற்றை இடித்துக் கட்ட அவள் ஒப்புதல் தர வேண்டும்.

அவள் கையெழுத்திடவில்லை. மறுவாரம் அவள் இடத்துக்கு வந்தவர் இட்டார்.

வேலையில்லாத முதல் நாள், வலையில்லாமல் ஆற்றோரம் நடந்தாள். மூச்சு விலா நிறைய இறங்கியது. பனிமூட்டத்துக்குள்ளிருந்து யாரோ ஒரு பெண் வந்து, பரிவோடு அவள் தோளைப் பிடித்தாள். வலிக்காமல், மெதுவாக, இடப்பக்கம் சாய்த்து நிறுத்தினாள்.

"இப்ப சரியா இருக்கும்மா," என்றாள்.