கர்னல் வீட்டு வெற்றுத் தாள்

காலை ஆறரைக்கெல்லாம் கர்னல் ஷூவுக்குப் பாலிஷ் போட்டு முடித்துவிட்டார். போவதற்கு இடம் இல்லை என்பது வேறு விஷயம். கூடத்தின் நடுவில் விறைப்பாக நின்று, கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார்.

"இந்த வீட்டுல ஒருத்தர் என் முதுகுல குத்தியிருக்காங்க!"

அடுப்படியில் பால் பொங்கியது. அணைக்கக் கை நீண்ட அவர் மனைவிக்கு, அணைத்தோமா இல்லையா என்பதுகூட உறைக்கவில்லை.

ஓய்வு பெற்று எட்டு மாதம். எண்ணூறு சிப்பாய்கள் மரியாதைக்கு எழுந்து நின்ற மனிதருக்கு இப்போது எழுந்து நிற்பது சோபாவிலிருந்து அவரே ஒருவர்தான். முதல் மாதம் சமையலறையைக் கைப்பற்றினார். டப்பாக்களை உயர வரிசையில் நிறுத்தினார். மூன்று நாள் அவளுக்கு உப்பு கிடைக்கவில்லை. இரண்டாம் மாதம் பால்காரனுக்கு நேர ஒழுக்கம் கற்றுக்கொடுத்தார். பால்காரன் வேறு தெருவுக்குப் போய்விட்டான். மூன்றாம் மாதம் பேச்சை நிறுத்தினார். சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அப்போதுதான் அந்தப் பயிற்சி நிறுவனம் கண்ணில் பட்டது. கம்பெனி மேனேஜர்களுக்குத் தலைமைப் பண்பு சொல்லித் தரும் இடம். ஓய்வு பெற்ற அதிகாரிகளை எடுத்து, நான்கு மாதம் பழக்கி, கோச்சாக அனுப்புவார்கள். கர்னல் மறுபடி உயிர் பெற்றார். அங்கே அவருக்கு இருந்த ஒரே தொல்லை, காது கொடுத்துக் கேட்பது. எதிரே இருப்பவன் கஷ்டத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே இவர் ஆறு அம்சத் திட்டம் போட்டுவிடுவார். எப்படியோ அதிலும் தேறிவிட்டார். கடைசியாக ஒரே ஒரு சடங்கு பாக்கி: வீட்டில் உடன் இருப்பவர்கள் அவரைப் பற்றி ஆளுக்கொரு தாள் நிரப்பி, ஒட்டிய உறையில் அனுப்ப வேண்டும்.

வீட்டில் இருந்தது இரண்டு பேர். மனைவி, கர்னலின் அக்கா.

கர்னல் கைப்பேசியில் வந்திருந்த நிறுவனத்தின் கடிதத்தை உரக்கப் படித்தார். "வந்த இரண்டு தாள்களில் ஒன்று முழுக்க வெறுமையாக இருந்தது. எழுதப் பயப்படுகிறவர்களே இப்படித் தருவது எங்கள் அனுபவம். அருகில் இருப்பவரே பேச அஞ்சும் ஒருவரைப் பயிற்சியாளராக நியமிக்க இயலாது..."

"நான் இல்லப்பா தம்பி!" அக்கா முந்திக்கொண்டாள். "நான் இடம் பத்தாம பின்பக்கமும் எழுதினேன். உன் கோபம் தங்கமான கோபம்னே எழுதியிருக்கேன். நல்லா யோசி... இங்க வாயத் தொறக்காம காரியம் சாதிக்கிறது யாருன்னு!"

"அண்ணி, அப்படியெல்லாம் இல்ல..." என்றாள் மனைவி.

"என்ன இல்ல? பதினேழு ஊருக்குப் பொட்டி தூக்க வச்சதுக்கு மொத்தமா தீத்துக்கிட்ட. கெட்டிக்காரிடி நீ!"

கர்னலின் குரல் தாழ்ந்தது. கத்தியிருந்தால்கூட மனைவி தாங்கியிருப்பாள். "ஒரு வரி... எனக்காக ஒரே ஒரு வரி எழுத உனக்கு மனசு வரலையா?"

"ஐயோ, நல்லதுன்னு நினைச்சுதாங்க!" அவள் அழுதுவிட்டாள். "குவார்ட்டர்ஸ்ல மாசாமாசம் குறை எழுதித் தர்ற தாள் வரும்ல... வெறுமனே கையெழுத்து மட்டும் போட்டுத் தந்தா குறையே இல்லன்னு அர்த்தம்ல... முப்பது வருஷம் அப்படித்தானே தந்தேன்? ஒரு சின்னக் குறைகூட உங்க பேர்ல விழக் கூடாதுன்னுதான்..."

கர்னலுக்குப் புரிந்தது. பட்டாளத்துக் குடியிருப்பில் வெறும் தாள்தான் முதல் தரச் சான்றிதழ். அவளைக் கைப்பிடித்த நாளிலிருந்து அந்தச் சான்றிதழ் அவருக்குத் தவறியதே இல்லை. வெளி உலகத்தில் கதை வேறு. எந்தக் கடைக்காரரையும் கேட்டுப் பாருங்கள்: விலை அதிகம் என்று சண்டை போடுகிறவள் எப்படியும் வாங்கிவிடுவாள், துணியைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் படி இறங்குகிறாளே, அவளைத்தான் பிடிக்க முடியாது என்பார்.

"அவ்வளவுதானே! நேர்ல வந்து சொல்லிடு. பயம் எதுவும் இல்லன்னு சொல்லு, போதும். ஒன்பதரை மணிக்குக் கிளம்பு."

வருகிறாயா என்று அவர் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பது அவளுக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் மாடியில் கண்ணாடி அறை. வட்ட மேஜை, தலைமை இடம் எது என்று தெரியாமல் கர்னல் ஒரு கணம் தடுமாறினார். நிறுவனத்தின் தலைவி அவர்களுக்கு மகள் வயதுதான் இருப்பாள். எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்கம்மா. தண்ணி குடிங்க முதல்ல."

"இவங்க சொல்லுவாங்க, மேடம். ம், சொல்லு."

"சாரைப் பார்த்தா உங்களுக்குப் பயமாம்மா?"

இல்லை. ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் அவருக்கு வேலை. சொல்லாவிட்டால் மறுபடி அந்தச் சுவர். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமலே திரும்ப வைத்தாள்.

"பயப்படாம சொல்லுன்னு சொல்றேன்ல!" கர்னலின் உள்ளங்கை மேஜையில் விழுந்தது. தண்ணீர் தளும்பியது.

"சார்... நான் அவங்களைத்தான் கேட்டேன்."

எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. இல்லை என்ற சொல்லுக்குப் பதிலாக வேறொன்று வெளியே விழுந்தது.

"எங்கப்பா..."

"உங்கப்பா இதுல எங்க வந்தாரு?" என்றார் கர்னல்.

"எங்கப்பா ஆஸ்பத்திரில கிடந்தப்போ... நாம ஊர் மாறிக்கிட்டிருந்தோம். லாரி வாசல்ல நின்னுச்சு. சாமான் போய்ச் சேரட்டும், நாலு நாள் கழிச்சு அப்பாவைப் பார்க்கப் போகலாம்னீங்க. சந்தேகம் ஏதாவது இருக்கான்னு கேட்டீங்க. நான் போர்வைய மடிச்சுக்கிட்டே இருந்தேன்... மூணாம் நாள் அப்பா போயிட்டாரு."

கர்னல் மேஜையிலிருந்து கையை எடுத்தார். "நீ ஒண்ணுமே சொல்லலையே... நீ சரின்னுட்டேன்னுல்ல நான்..."

"முடிவு பண்ணிட்டுக் கேட்டீங்க. அதுல நான் என்னத்தைங்க சொல்ல?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. பாய்ந்து அந்தப் பெண்ணின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, இதை எழுதிக்காதம்மா! பழைய கதை... அவர் நல்லவர்மா, கை நீட்டி ஒரு அடி அடிச்சதில்ல, எனக்குக் காய்ச்சல்னா ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருப்பாரு... இந்த வேலை இல்லன்னா அவர் எனக்கு இல்லாமலே போயிடுவாரும்மா! நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாமே... நானே கெடுத்துட்டேனே..."

கர்னல் எழுந்தார். சட்டையை நேராக்கப் போன கை, பாதியில் நின்றது.

"மேடம்... உங்க கடிதம் சரிதான். அவங்க மேல தப்பில்ல. இங்க வந்து இன்னொரு தடவை அவங்களை அழ வச்சதும் என் தப்புதான்."

தலைவி ஏதாவது சொல்வாள் என்று அவள் காத்திருந்தாள். ஒரு வாய்ப்பு, ஒரு மாதம் கழித்து வாருங்கள், எதுவானாலும் சரி. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாளே தவிர, வேலை தருவதாகச் சொல்லவில்லை.

கீழே தெருவில் மத்தியான வெயில். பேருந்து வந்தது, போனது. கர்னல் ஏறவில்லை. அவளும் பக்கத்திலேயே நின்றாள். மூன்றாவது பேருந்தும் போன பிறகு, அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"உங்கப்பா... கடைசியா என்ன பேசினாரு?"

முதல் தடவையாக, பதில் தெரியாமல் ஒரு கேள்வி கேட்டிருந்தார். அவள் அவரையே பார்த்தாள்.

"எனக்கு எப்படிங்க தெரியும்? நான்தான் அங்க இல்லையே."

கர்னல் அங்கேயே, பேருந்து நிறுத்தத்து இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். கூடை வைத்திருந்தவர்கள், புத்தகப் பை மாட்டியவர்கள், எல்லோரும் பார்த்தார்கள். அழாதீங்க என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. சொல்லவில்லை. அவர் தோளில் தலையைச் சாய்த்து, தானும் சேர்ந்து அழுதாள்.