காணாமல் போன ஒரு மீட்டர்

வெளியே அளந்தால் வீடு பன்னிரண்டரை மீட்டர். உள்ளே இரண்டு அறைகளையும் சுவர்களையும் கூட்டினால் பதினொன்றரை.

மகேந்திரராஜா தன்னைத்தான் நொந்துகொண்டான். கொழும்பில் அடி, அங்குலத்தில் படம் வரைந்து பழகியவன். சிட்னியில் எல்லாம் மீட்டர். ஏற்கெனவே இரண்டு வரைபடங்கள் பிழையாகி அலுவலகமே சிரித்தது. திங்கட்கிழமை கொடுக்கவேண்டிய இந்த வீட்டின் படமும் பிழையானால் வேலை போய்விடும். அதனால்தான் சனிக்கிழமை பட்டப்பகலில், டேப்பின் மறுமுனையைப் பிடிக்க மனைவி ரஞ்சினியை நார்த்மீட் வீட்டிலிருந்து கூட்டி வந்திருந்தான்.

ஆங்கிலேயப் பண்ணைக்காரன் ஒருவன் தன் ஊர் வீட்டை நினைத்து நூற்று நாற்பது வருடங்களுக்கு முன் கட்டிய மணற்கல் வீடு. போன வருடம், எழுபத்தேழில், பழைய கட்டடங்களைக் காக்க வந்த சட்டத்தால் அங்கே ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். தாழ்ந்த உத்தரங்களும் ஒடுங்கிய யன்னல்களும் மத்தியான வெயிலை வெளியிலேயே நிறுத்தியிருந்தன. நடுச்சுவரில் இரண்டு விரல் அகலத்தில் ஒரு வெடிப்பு. அதிலிருந்து ஈரச் சுண்ணாம்பு நாற்றமும், அதற்கடியில் இறைச்சிக்கடை நாற்றமும் மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்தன.

"இஞ்சேருங்கோ, எனக்கு இந்த மணம் பிடிக்கேல்லை. போவம்."

"ஒரே ஒரு அளவு, இந்தச் சுவரின்ர தடிப்பு. நீர் மற்ற அறைக்குப் போம். வெடிப்புக்குள்ளால டேப்பை விடுறன்."

அவள் போனதும் டேப்பை வெடிப்புக்குள் தள்ளினான். யாரோ பிடித்தது கையில் தெரிந்தது.

"பிடிச்சிட்டீரோ?"

"ஓம்."

அவள் குரல்தான். ஆனால் சுவருக்குள்ளிருந்து வந்தது.

"அங்கால ஒண்டும் வரேல்லையே," என்றபடி ரஞ்சினி வெறுங்கையோடு கதவடியில் வந்து நின்றாள்.

அவன் டேப்பை விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஆனால் டேப் அலுவலகத்துடையது. அதையும் தொலைத்துவிட்டு எந்த முகத்தோடு போவது? அந்த வெட்கம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. உருக்கு டேப்பை வலது மணிக்கட்டில் சுற்றி இழுத்தான்.

சுவரும் இழுத்தது.

வெடிப்பு விரிந்து கையை உள்ளே எடுத்தது, முழங்கைவரை. தோள்வரை. உருக்கு சதையை அறுத்தது. உள்ளே விரல்கள். நிறைய விரல்கள். எலும்பு முறிந்த சத்தம் முதலில் கேட்டது, வலி பிறகு வந்தது. ரஞ்சினி அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தாள்.

"விடு! அவரை விடு!"

விட்டது.

இருவரும் தரையில் விழுந்தார்கள். மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. ரத்தம் பலகைகளில் பாய்ந்தது. ரஞ்சினி சேலைத் தலைப்பைக் கிழித்து, சுவருக்கு முதுகு காட்டிக் குனிந்து, இறுக்கிக் கட்டினாள்.

"ஒண்டுமில்லையப்பா. என்னைப் பாருங்கோ."

அவன் அவளுக்குப் பின்னால் பார்த்தான்.

வெடிப்பிலிருந்து அவனுடைய வலது கை வெளியே வந்தது. கல்யாண மோதிரம். நகத்தில் பென்சில் கறை. காற்றில் தடவி, ரஞ்சினியின் பின்னலைப் பிடித்து, இழுக்கத் தொடங்கியது.