முப்பத்தாறு கூடுதல்

மாலை ஐந்து மணி. மாத்திரைத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில், தராசுக்கு முன்னால் தலை சாய்த்துச் செத்துக் கிடந்தான் சின்னவன். காபியில் விஷம். பக்கத்தில் கணினியில் அடித்து எடுத்த எடைத்தாள். மேலே நேரம்: 2.10. கீழே நூறு எடைகள், சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக. நடுவில் வரும் இரண்டு எடைகளைச் சுற்றிப் பேனா வட்டம்.

காற்றில் தராசு ஆடும் என்று அந்தக் கதவை வேறு யாரும் திறப்பதில்லை. கூடவே வேலை பார்க்கும் பெரியவர் ஒரு மணிக்கே லீவு போட்டுக் கிளம்பியதை வாட்ச்மேன் பார்த்திருக்கிறார். 2.10க்கு உயிரோடு இருந்தவன் தானே குடித்திருக்க வேண்டும். தற்கொலை என்று எழுதப் பேனாவைத் திறந்தார் இன்ஸ்பெக்டர்.

"எழுதாதீங்க சார்," என்றாள் சின்னவனின் அக்கா. கல்லூரியில் புள்ளியியல் எடுப்பவள். "என் தம்பியைக் கொன்னவன் நிம்மதியா தூங்கக் கூடாது."

மறுநாள் காலை பத்து மணி. காவல் நிலையத்தில் பெரியவர் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். எடை பார்க்கச் சின்னவனின் புது முறை வந்த பிறகு ஒரே ஆள் போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார். மாதக் கடைசியோடு பெரியவருக்கு வேலை இல்லை.

"புது முறையைக் கத்துக்கிட்டீங்களா?"

"எனக்கெதுக்கும்மா? நேத்து வந்த பையன்கிட்ட நான் பாடம் படிக்கணுமா?"

"இந்தத் தாள் சரியா இருக்கா?"

"ஒழுங்கா நூறு எடை போட்டிருக்கான்."

அக்கா தம்பியின் பழைய தாள்களை மேசையில் போட்டாள்.

"பழைய முறைப்படி நூறு போட்டு நடுவுல வர்றதை மட்டும் எடுத்தா, மத்த எடையெல்லாம் வரிசைல நின்னதோட சரி. சராசரி போட்டா ஒவ்வொரு எடையும் கணக்குல சேரும் சார். கோளாறான மாத்திரை கலக்காத சரக்குல அறுபத்துநாலே போதும், அதே துல்லியம் வந்துடும். மூணு மாசமா என் தம்பி அதுக்கு மேல ஒண்ணுகூட எடை போடல. வரிசைப்படுத்தவும் இல்ல, கூட்டறதுக்கு வரிசை எதுக்கு? சாகப்போறவன் வேலை மெனக்கெட்டு முப்பத்தாறு கூடுதலா போடுவானா?"

இன்ஸ்பெக்டர் தாள்களைப் புரட்டினார். எல்லாவற்றிலும் அறுபத்துநாலு. எதிலும் வட்டம் இல்லை.

"இங்கே நூறு போடறவர் ஒருத்தர்தான். காபியைக் கொடுத்துட்டு, கணினியில நேரத்தை மாத்தி, பொய்த்தாளையும் வச்சுட்டுத்தான் ஒரு மணிக்கு வெளியே போயிருக்கார்."

பெரியவர் தாளைத் தள்ளிவைத்தார். "இருபது வருஷப் பொழப்பும்மா. முப்பத்தாறு மாத்திரையில அடிச்சுட்டான் உன் தம்பி."

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். அக்கா குனிந்து, பெரியவரின் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"உனக்குத் தூக்கு வேணும்னு கேக்க மாட்டேன். அது சட்டுனு முடிஞ்சிடும். உள்ளே கிடந்து ஒவ்வொரு நாளா எண்ணு. உனக்குத்தான் நீளமான வேலை பிடிக்குமே."