இடப்பக்கத்து மூச்சு

இடப்பக்க ஸ்பீக்கர் நின்ற பிறகும் அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடுவது கேட்டது.

பக்கவாதத்தில் படுத்த அவனுக்குக் காது மட்டும்தான் மிச்சம். பாதி திறந்த கண்கள் எந்நேரமும் கூரையைப் பார்த்தபடி கிடந்தன. இமைகூட அவன் சொல்பேச்சுக் கேட்பதில்லை. அதற்காகத்தான் ஆய்வகத்துப் பையன் அவன் தலையில் ஒயர்த் தொப்பியை மாட்டி, இடப்பக்கம் மனைவி பேசிப் பதிந்த ‘ஆமா’வையும் வலப்பக்கம் அண்ணன் பேசிய ‘வேண்டாம்’ என்பதையும் ஒரே நேரத்தில் ஓடவிடுகிறான். அவன் மனம் இடப்பக்கம் காது கொடுத்தால் பச்சை விளக்கு, வலப்பக்கம் கொடுத்தால் சிவப்பு.

“என்ன கேக்குறாருன்னு இதுக்குத் தெரியாதுக்கா. எந்தப் பக்கம் கேக்குறாருன்னுதான் தெரியும்.”

“அது போதும்ப்பா. இத்தனை வருஷத்துல இவர் என் பேச்சை என்னைக்குக் காது குடுத்துக் கேட்டிருக்காரு,” என்று மனைவி சிரித்தாள். அவன் விழுந்த நாளிலிருந்து அவள் சிரித்ததே இல்லை.

“ஏங்க, ஜன்னலைச் சாத்தட்டுமா?”

குரல்கள் ஓடின. வெயில் இன்னும் சுவரில் இருந்தது, காற்று நன்றாக வந்தது, அவன் அண்ணன் குரலைப் பற்றிக்கொள்ளப் பார்த்தான். அதற்குள் நனைந்து மக்கிய துணியின் வாடையோடு இடக்காதை உரசிக்கொண்டு அந்த மூச்சு பேசியது.

“உள்ள வரட்டுமா?”

கேட்காதே என்று மனதை அதட்டினான். அதட்ட அதட்ட மனம் அங்கேயே ஓடியது. பயந்தவன் காது பயந்த பக்கம்தானே போகும். கூரையில் பச்சை வெளிச்சம் விழுந்தது.

“ஆமாங்கிறாரு!” அவள் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள்.

“வரட்டுமா?”

பச்சை.

“முழுசா?”

பச்சை.

மூச்சு நின்றது. வெளியே மட்டும்தான் நின்றது. இப்போது உள்ளே கேட்டது. அவன் நெஞ்சுக்குள்.

மரக்கட்டையாய்க் கிடந்த வலக்கை மெல்ல எழுந்தது. அவன் தூக்கவில்லை.

“தம்பி, கை... கையைத் தூக்குறாரு.” அவள் அவன் மார்பில் முகம் புதைத்து விம்மினாள். பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியில் படம் எடுத்தான். கை அவள் கூந்தலைத் தடவியது. பிறகு பிடரியைத் தேடியது.

அவன் தன் உயிரையெல்லாம் திரட்டி வலப்பக்கம் போனான். அண்ணன் குரல். வேண்டாம். வேண்டாம்.

கூரை முதன்முறையாகச் சிவந்தது. பையன் கைப்பேசியில் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்; அவள் மார்பிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. அவள் பிடரியில் அதன் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின.