ஓடுதளத்துக்கு அடியில்

“ஆறு பை இல்லம்மா, மூணு பைகூட ஏறாது!” என்றார் கேப்டன் வரதராஜுலு.

கயற்கண்ணி தலையில் கை வைத்துக்கொண்டாள். மூன்று வாரமாக அவள் ராப்பகலாகத் திட்டமிட்ட பயணம் அது. கோயம்புத்தூர் மில் முதலாளி குலசேகரனும் அவருடைய ஐந்து நண்பர்களும் தனி ஜெட் விமானத்தில் சங்கணித் தீவுக்குப் போகிறார்கள். கடலோரம் முழுக்கப் புல்வெளி, நடுவே விடுதி, மூன்று நாள் கோல்ஃப். யாருக்குப் பூண்டு ஆகாது, யார் ஜன்னலோரம் கேட்பார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் ஆளுயர கோல்ஃப் பைகள் அந்தக் குட்டி விமானத்தின் வயிற்றில் நுழையுமா என்பதை மட்டும் கோட்டை விட்டுவிட்டாள்!

“படகுல அனுப்பிடலாம் சார். நானே கூடப் போறேன்” என்றாள்.

“நல்லது. கையடக்க ரேடியோவ மறக்காம எடுத்துக்கோ. நாளைக்குப் பகல் பன்னிரண்டுக்கு உன் தலைக்கு மேல இருப்பேன். ஒருவேளை ரேடியோ மக்கர் பண்ணுச்சுன்னா, ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு இறங்கிடுவேன்” என்றார் கேப்டன்.

சென்னையின் அந்தச் சின்ன விமான நிறுவனத்தில் பயணத் திட்டத்துக்குக் கயற்கண்ணிதான் பொறுப்பு. அவள் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் கிளம்பும். படிவத்தில் ‘ஓடுதளம் சரிபார்க்கப்பட்டது’ என்ற வரிக்கு நேரே போன வாரமே கையெழுத்தைப் போட்டிருந்தாள். என்னத்தைச் சரிபார்த்தாள்? விடுதிக்காரர்கள் அனுப்பிய ஏழு புகைப்படங்கள், பதினொரு மாதப் பழசான ஒரு சான்றிதழ். அவ்வளவுதான். எல்லா ஊருக்கும் அப்படித்தான் நடக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். இருந்தாலும், தூத்துக்குடிக்குப் போகும் ரயிலில் அவளுக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

விடியற்காலையில் படகு கிளம்பியது. ஓட்டியவள் ரெக்ஸ்லின். முப்பது வயது, கணீர்க் குரல், கடலைக் கண்டு பயந்தவர்களைக் கண்டால் அவளுக்கு ஒரே சிரிப்பு.

“மேடம், எதுக்கு அந்தப் பையக் கட்டிப்பிடிச்சிட்டு இருக்கிய? அது நீந்தத் தெரிஞ்ச பையா?”

“இதுல ஒண்ணு தண்ணில போனா என் வேலையும் கூடவே போயிடும்!”

“வேலதான போவும்? ஆளு போவாதுல்லா? அப்பொ சும்மா இருங்க!”

காற்று எதிர்த்து அடித்தது. அலை படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. எட்டரை மணிக்குத் தீவைத் தொட்டபோது கயற்கண்ணி தொப்பலாக நனைந்திருந்தாள். பைகள் மட்டும் தார்ப்பாயின் கீழே காய்ந்த நிலையில் சொகுசாகக் கிடந்தன.

புல்வெளி மேற்பார்வையாளர் மாசானம் துறைக்கு வந்து காத்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. அதிகம் பேசவில்லை. பைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு தீவின் மேற்குக் கோடிக்குக் கூட்டிப் போனார். அங்கேதான் ஓடுதளம். ஒரு பக்கம் பந்தடித்துப் பழகும் திடல், மறுபக்கம் கடல். கறுப்பாக, பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல் நீண்டு கிடந்தது. கயற்கண்ணிக்கு உயிர் வந்தது.

“பாத்தியளா, படத்துல உள்ள மாதிரியே இருக்கு!” என்ற ரெக்ஸ்லின், திடலில் கிடந்த ஒரு மட்டையை எடுத்து ஒரே வீச்சு வீசினாள். பந்து எங்கேயோ போக வேண்டியது, வேலியைத் தாண்டி ஓடுதளத்தின் பக்கம் பறந்தது!

“ஐயோ! எஞ்சினுக்குள்ள பந்து போனா அவ்வளவுதான்!” கயற்கண்ணி பின்னாலேயே ஓடினாள்.

பந்து தார் விளிம்பை ஒட்டிய புல்லில் உருண்டுபோய், நண்டு வளைபோல் இருந்த ஒரு பொந்துக்குள் நழுவியது. அவள் குனிந்து கையை விட்டாள். கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆனால் காதுக்குக் கேட்டது. டொக்... டொக்... டொக்... கொஞ்ச நேரம் கழித்து, எங்கேயோ ஆழத்தில், ‘களக்’ என்று ஒரு தண்ணீர்ச் சத்தம்!

அவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு முழப் பொந்தில் விழுந்த பந்து இத்தனை நேரமா உருளும்?

“மாசானம் அண்ணே, இதுக்குக் கீழ என்ன இருக்கு?”

மாசானத்தின் முகத்தில் ஈயாடவில்லை. “எனக்குத் தெரியாது தாயி” என்றார் முதலில். அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “புல்லுக்குப் போற நல்லதண்ணிக் குழாய் இந்த ரன்வேக்கு அடியிலதான் போவுது. நாலு மாசமா தொட்டி நெரம்ப மாட்டேங்கு. எங்கனயோ ஒழுவுது. மானேஜர்ட்ட மூணு தடவ சொல்லிப் பாத்துட்டேன். விருந்தாளி வந்துட்டுப் போகட்டும், அதுவரைக்கும் வாயத் தெறக்காதங்காரு.”

கயற்கண்ணி அந்தத் தாரையே பார்த்தாள். நாலு மாதம் ஒழுகிய தண்ணீர் அடிமணலை அரித்திருந்தால்? மேலே தார் மட்டும் அப்பளம்போல் நிற்குமே! ஆறு பயணிகள், இரண்டு விமானிகள், எட்டு உயிர்! அத்தனையும் அவளுடைய ஒரு கையெழுத்தை நம்பி வருகிறது. மணி ஒன்பதே முக்கால். போனை எடுத்தாள். ஒரு கோடுகூட இல்லை. விடுதிக் கட்டிடத்தைத் தவிர வேறெங்கும் சிக்னல் கிடைக்காது என்றார் மாசானம்.

அங்கே போய்ச் சொன்னால் என்ன சொல்வார்கள்? ஒரு பொந்தில் பந்து விழுந்தது என்றா? முதலில் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

“கடல் பக்கமா பழைய வடிகால் ஒண்ணு இருக்கு. ரன்வேக்கு அடியில வரைக்கும் போகும். தண்ணி வத்துன நேரத்துல தவந்து போலாம். ஆனா, பத்தரைக்கு மேல கடலு ஏற ஆரம்பிச்சிரும்” என்றார் மாசானம்.

“அப்பொ ஏன் நின்னு பேசிட்டு இருக்கிய? நடங்க!” என்றாள் ரெக்ஸ்லின்.

தாழம் புதரை விலக்கிக்கொண்டு இறங்கினார்கள். முள் கையைக் கிழித்தது. பாறை வழுக்கியது. வடிகாலின் வாய் இடுப்புயரம்கூட இல்லை. உள்ளே அழுகிய பாசியின் நாற்றம்! முன்னால் மாசானம், நடுவில் கயற்கண்ணி, கடைசியில் ரெக்ஸ்லின். போன் வெளிச்சத்தில் முழங்காலைத் தேய்த்துத் தேய்த்து முன்னேறினார்கள். நூறடி... இருநூறடி... சட்டென்று மாசானம் நின்றார்.

“ஆத்தாடி!”

வடிகாலின் பக்கச் சுவர் இடிந்து கிடந்தது. அதற்கு அப்பால் ஒரு குகை! ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம் அளவுக்கு இருக்கும். குழாய் உடைந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதன் நடுவே, வெளிச்சம் பட்டதும், வெள்ளை வெளேரென்று ஒரு குவியல். ஆயிரக்கணக்கான கோல்ஃப் பந்துகள்! நாலு மாதமாகத் திடலில் தொலைந்த பந்தெல்லாம் ஒன்று விடாமல் இங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறது.

“மாதாவே, புதையலு!” என்று ரெக்ஸ்லின் கத்தினாள். ஆனால் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மூன்று பேரும் மேலே பார்த்தார்கள். தலைக்கு மேல் ஒரு சாண் கனத்தில் தாரும் ஜல்லியும் தொங்கிக்கொண்டிருந்தன. அதைத் தாங்க ஒரு பிடி மண் இல்லை. ஒரு கல் பெயர்ந்து கயற்கண்ணியின் தோளில் விழுந்தது.

அவள் மனதுக்குள் அளந்தாள். வடிகால் வாயிலிருந்து இத்தனை தூரம் என்றால், விமானம் தரையைத் தொட்டு, முழு வேகத்தில் பிரேக் போடும் இடம் சரியாக இதற்கு மேலேதான்.

“திரும்புங்க! சீக்கிரம்!”

அவர்கள் திரும்புவதற்குள் கடல் உள்ளே வந்துவிட்டது. முதல் அலை முழங்காலை நனைத்தது. இரண்டாவது அலை வடிகாலை அடைத்துக்கொண்டு வந்து மூவரையும் பந்துக் குவியலின் மேல் தூக்கி எறிந்தது! கயற்கண்ணியின் தோள்பை அறுந்து போனது. ரேடியோ, போன், எல்லாம் தண்ணீரில்! குவியலின் மேல் ஏறி நின்றால் கால் வழுக்கிச் சரிந்தது. இங்கேயே செத்துப்போவோம் என்று நினைத்தபோதும் அவளுக்குத் தன்னைப் பற்றிய பயம் வரவில்லை. பன்னிரண்டு மணிதான் கண்முன் நின்றது.

“நான் சொல்லுததக் கேளுங்க. ஒவ்வொரு அலையும் வந்துட்டுத் திரும்பப் போவும். அது போவும்போது அதோட போயிரணும். எதுத்து நிக்கக் கூடாது!” என்றாள் ரெக்ஸ்லின். இப்போது அவள் குரலில் கிண்டல் இல்லை.

ஒவ்வொரு அலைக்கும் மூச்சை அடக்கிச் சுவரைப் பற்றிக்கொண்டார்கள். அது திரும்பும்போது அதோடு நழுவினார்கள். இருநூறடியைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மூச்சு முட்டி, உப்புத் தண்ணீர் குடித்து, வெயிலில் வந்து விழுந்தபோது மாசானத்தின் கைக்கடிகாரம் பதினொன்று நாற்பத்தைந்து காட்டியது.

விமானம் கிளம்பி வெகு நேரம் ஆகியிருக்கும்! விடுதியில் போய்ப் பேசவும் நேரம் இல்லை. ஓடுதளத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில் மாசானத்தின் வாக்கிடாக்கி இருந்தது. அது விடுதிக்கு மட்டும் பேசும். மானேஜர் நந்தகோபன் எடுத்தார்.

“சார், ரன்வேக்கு அடியில பூரா பொந்தா கெடக்கு! உடனே சென்னைக்குப் போன் போடுங்க, பிளேன் எறங்கக் கூடாது!”

“பட்டப்பகல்ல என்ன கதை விடுறே மாசானம்? எதையும் தொடாதே. நான் வரேன்.” தொடர்பு அறுந்தது.

கொட்டகையில் பன்னிரண்டு வெள்ளை கோல்ஃப் வண்டிகள் வரிசையாக நின்றன. கயற்கண்ணி அவற்றைப் பார்த்தாள். பிறகு ஓடுதளத்தைப் பார்த்தாள்.

“அண்ணே, எல்லா வண்டியையும் குறுக்க நிறுத்துங்க! விமானம் முதல்ல தொடுற இடத்துல. அங்க கெட்டித் தரைதானே?”

“அது பாற தாயி, அசையாது.” மாசானம் புல் வெட்டிக்கொண்டிருந்த தன் ஆட்களைக் கைதட்டிக் கூப்பிட்டார். ஏன் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அவர்களும் தொட்டித் தண்ணீர் போன இடத்தை நாலு மாதமாகத் தேடியவர்கள்தான்.

அந்த வண்டிகளைப்போல மெதுவான வாகனத்தைக் கடவுள் இன்னும் படைக்கவில்லை! ஏறி மிதித்தால் மாட்டு வண்டி வேகத்தில் போனது. ஐந்து... ஏழு... ஒன்பது... வடக்கே வானத்தில் ஒரு புள்ளி மின்னியது.

அப்போது நந்தகோபன் வந்து சேர்ந்தார். “பைத்தியமா உங்களுக்கு! வண்டிகளை எடுங்க! வர்றது யார்னு தெரியுமா? இந்த விடுதிலேயே பங்கு வாங்கப் போறவர்! ஏதாவது தப்பா இருந்தா நீயா பொறுப்பு?”

“ஆமா சார், நான்தான் பொறுப்பு” என்றாள் கயற்கண்ணி. “இறங்கலாம்னு கையெழுத்துப் போட்டதும் நான்தான். பார்க்காமலே போட்டேன். இப்பப் பார்த்துட்டேன். எடுக்க மாட்டேன்!”

விமானம் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு கடல் பக்கமாகத் திரும்பி, சக்கரங்களை இறக்கிக்கொண்டு தாழ்ந்து வந்தது. கேப்டன் வண்டிகளைப் பார்த்தாரா, பார்க்கவில்லையா? ரெக்ஸ்லின் தன் சிவப்பு மழைக்கோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். கயற்கண்ணி ஒரு வண்டியின் கூரைமேல் ஏறி அதை வீசினாள். “வராதீங்க! வராதீங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினாள். கேட்காது என்று தெரியும். இருந்தாலும் கத்தினாள்.

விமானம் வந்துகொண்டே இருந்தது. பக்கத்து வண்டிக்காரர் குதித்து ஓடினார். அடுத்த நொடி காது செவிடாகும் ஓசை! விமானத்தின் மூக்கு நிமிர்ந்தது. அது அடித்த காற்றில் அவள் கூரையிலிருந்து புல்லில் விழுந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது அது மேலே, மேலே, தூத்துக்குடித் திசையில் போய்க்கொண்டிருந்தது.

“போச்சு! எல்லாம் போச்சு!” என்று நந்தகோபன் குதித்தார். “எங்கே உன் பொந்து? நான் நடந்து காட்டட்டுமா?”

மாசானம் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை ஆட்களிடம் கொடுத்தார். கடப்பாரையை எடுத்துக்கொண்டு, பந்து விழுந்த பொந்துக்கு நேரே ஓடுதளத்தில் நான்கடி வைத்தார். ஓங்கி ஒரே குத்து! கடப்பாரை தாரைத் துளைத்து, அவர் கையிலிருந்தே நழுவி உள்ளே போய்விட்டது. கீழே தண்ணீரில் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

நந்தகோபன் அப்படியே தரையில் உட்கார்ந்தார். “மூணு தடவை சொன்னியே மாசானம்” என்றார்.

சாயங்காலம் பைகளோடு படகு தூத்துக்குடிக்குத் திரும்பியது. துறைமுகத்தில் கேப்டன் வரதராஜுலு நின்றுகொண்டிருந்தார். பின்னால் குலசேகரனும் நண்பர்களும். விஷயம் படகுக்கு முன்பே அவர்களுக்கு வந்து சேர்ந்திருந்தது. கோபமாக வந்திறங்கியவர்களிடம் இப்போது கோபம் இல்லை. குலசேகரன் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டார். கயற்கண்ணிக்கு ஒரு கும்பிடு போட்டார்.

கேப்டன் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். “மேலேந்து பார்த்தேம்மா. ஓடுதளம் கண்ணாடி மாதிரி இருந்துது. அந்த வண்டிகள் மட்டும் நிக்கலேன்னா சந்தேகமே படாம இறங்கியிருப்பேன்.”

காலையிலிருந்து அழாதவள் அப்போது அழுதாள். ரெக்ஸ்லின் அவள் தோளை அணைத்துக்கொண்டாள். “நல்லா அழுங்க மேடம். எட்டுப் பேரையும் கரை சேத்தாச்சு” என்றாள்.

சென்னையில் முதலாளி விசாரித்தபோது அவள் சான்றிதழின் மேல் பழியைப் போடவில்லை. பார்க்காமல் கையெழுத்துப் போட்டதை உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்தாள். வேலை போகும் என்றே நினைத்தாள். போகவில்லை. ஒரு மாதம் திட்டப் பொறுப்பிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அது நியாயம்தான் என்று அவளுக்கும் தோன்றியது.

அந்த மாதம் முடிந்து அவள் பொறுப்புக்குத் திரும்பிய அன்றே அடுத்த பயணம் மேஜைக்கு வந்தது. மலையுச்சியில் ஒரு சின்ன ஓடுதளம், அழகான ஒன்பது புகைப்படங்கள். படிவத்தில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று அச்சடித்திருந்ததைக் கயற்கண்ணி பேனாவால் அடித்தாள். பக்கத்தில் ‘நடந்து பார்த்தவர் யார்?’ என்று எழுதினாள். எதிரே இருந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, மலைக்குப் போகும் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாள்.