நடுக்கோடு

கண்ணாடியில் நெற்றியைப் பார்த்ததும் தையல்காரிக்குச் சிரிப்புதான் வந்தது. வகிட்டிலிருந்து இறங்கிப் புருவங்களுக்கு நடுவே நின்றது ஒரு வெள்ளைக் கோடு. துணியில் அளவு குறிக்கும் சாக்பீஸ் கோடு. வேலை நினைப்பில் எப்போதோ இழுத்துவிட்டிருப்பாள். துடைத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்தாள்.

வருஷக்கணக்காகப் படுத்திய வலிப்புக்காக மூளையில் ஆபரேஷன் முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. வலிப்பு அடங்கியது; இடது கை அடங்கவில்லை. வலது கை போட்ட பட்டனை அது பின்னாலேயே வந்து அவிழ்த்தது. சாத்திய ஜன்னலைத் திறந்தது.

"மூளையோட வலது பாதிதாம்மா இடது கையை நடத்துது," என்றார் டாக்டர். "ரெண்டு பாதியையும் சேர்க்கிற நரம்புகளை வெட்டிட்டோம். கொஞ்ச நாளைக்கு அந்தக் கை சொன்ன பேச்சு கேக்காது."

"தனிக்குடித்தனம் போயிடுச்சுன்னு சொல்லுங்க," என்று சிரித்தான் பஸ் ஓட்டும் அவள் கணவன். அவளும் சிரித்தாள்.

மதிய மாத்திரை அடித்துப்போட்டாற்போல் தூக்கம் தரும். மறுநாள் அப்படித் தூங்கி எழுந்தபோது கோடு மூக்கு நுனி வரை வந்திருந்தது. அதற்கடுத்த நாள் உதடுகளைத் தாண்டியிருந்தது. வளைவு நெளிவு இல்லாத கோடு. எந்தத் துணியையும் பாதியாக மடித்து, முதலில் நடுக்கோடு போட்டுவிட்டுத்தான் அவள் வெட்டுவாள். இடது கையின் நகக்கண்களில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது.

சாக்பீஸைக் குப்பையில் போட்டாள். பெரிய கத்தரிக்கோலைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல் ஒளித்தாள். இறங்கிய பிறகுதான் உறைத்தது, ஒளித்ததை அந்தக் கையும் பார்த்துக்கொண்டுதானே இருந்தது.

"போறதுக்கு முன்னாடி இந்தக் கையைக் கட்டிட்டுப் போங்க," என்றாள், மறுநாள் வேலைக்குக் கிளம்பிய கணவனிடம்.

"பைத்தியமா உனக்கு? மாத்திரையப் போட்டுட்டுத் தூங்கு. சாயங்காலம் வந்துடுவேன்."

மாத்திரை போட்டால் தூக்கம். போடாவிட்டால் வலிப்பு. எங்கே ஓடினாலும் கை கூடவே வரும். கண்ணாடிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இடது மணிக்கட்டை அளவு நாடாவால் மிஷின் காலோடு கட்டினாள். வலது கையாலும் பல்லாலும் முடிச்சை இறுக்கினாள். கை சாதுவாகக் கிடந்தது. அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. மாத்திரையை விழுங்கினாள்.

விழித்தபோது மழை பிடித்திருந்தது. மிஷின் எண்ணெயும் புதுத்துணிக் கஞ்சியும் கலந்த வாசனை மூடிய அறையில் தேங்கி நிற்க, கூரையில் ஒரே சீராக இரைச்சல் கொட்ட, ஜன்னல் வெளிச்சம் சாம்பல் நிறமாகித் தரையில் மெல்ல மங்கிக்கொண்டிருந்தது. கண்ணைக் கசக்க வலது கையைத் தூக்கினாள்.

வரவில்லை.

அளவு நாடா இப்போது வலது மணிக்கட்டில் இருந்தது. இரட்டை முடிச்சு. அவளே போடும் முடிச்சு.

எழ முயன்றாள். இடது கால் அசைய மறுத்தது.

கதவு தட்டப்பட்டது. "ஏன் உள்ள தாழ் போட்டிருக்க?" கணவனின் குரல்.

"உடைச்சுட்டு வாங்க," என்று கத்தினாள். "சீக்கிரம்."

மடியில் கத்தரிக்கோல். பக்கத்தில் பாதி தேய்ந்த சாக்பீஸ்.

கண்ணாடியைப் பார்த்தாள். பட்டன்கள் அவிழ்ந்திருந்தன. வகிடு, மூக்கு, உதடு, தொண்டை, மார்பு, தொப்புள் என ஒரே கோடு. அதை ஒட்டி ஒரு விரல் தள்ளி, அவளுடைய வலது பாதியில், இன்னொரு கோடு.

அது வெட்டுக்கோடு. தைக்க இடம் விட்டுத்தான் வெட்ட வேண்டும். இடது பாதி தனக்கு இடம் விட்டுக்கொண்டிருந்தது.

கதவில் தோள் மோதியது. தாழ் அசையவில்லை.

அளவு கொடுக்க வந்தவர்கள் நெளிந்தால் தோளில் இரண்டு தட்டு தட்டி நிற்கவைப்பது அவள் வழக்கம். இடது கை உயர்ந்து, அவளுடைய வலது தோளை மெதுவாக இரண்டு முறை தட்டியது. பிறகு கத்தரிக்கோலை எடுத்து, காற்றில் ஒரு தரம் வெட்டிப் பார்த்தது.

அவள் அலறினாள். கண்ணாடியில் பாதி வாய்தான் திறந்தது. மறு பாதி, துணி வெட்டும்போது அவள் எப்போதும் செய்வதுபோல, உதட்டை இறுக்கி, ஒற்றைக் கண்ணைச் சுருக்கி, கோட்டைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.