டென்மார்க் விருந்தாளியும் ஒரு மத்தியானச் சாவும்

செத்துப் போன பிறகு, காப்பிக்குச் சர்க்கரை போதவில்லை என்று சண்டை போட்ட மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பாளையங்கோட்டைக்காரர், பெயர் வீரபாகு. அந்தத் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வார்கள். ஊரில் அவர் செத்ததை நம்பாத ஆள் ஒரே ஒருவர். அதுவும் வீரபாகுதான்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு வீட்டு நிலைக்கு மேலும் ஒரு வழக்கமானி இருந்தது. பார்க்கத் தேங்காய் மூடியைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். யார் எத்தனை மணிக்கு எழுகிறார், எந்தத் தோளால் கதவை இடிக்கிறார், சாப்பிட்ட கையைக் காயவிட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் வம்பளக்கிறார் என்று பார்த்துப் பார்த்தே வீட்டைப் படித்துவிடும். மனிதன் வாயால் பொய் சொல்லுவான், வழக்கத்தால் சொல்ல முடியாது என்பது அதன் தத்துவம். அரசாங்கம் படிவம், கையெழுத்து, சாட்சி எல்லாவற்றையும் தூக்கிக் கடாசிவிட்டது. யாருக்கு யார் புருஷன், யார் ஊரில் இருக்கிறார், யார் உயிரோடு இருக்கிறார், எல்லாம் வழக்கமானி சொன்னால்தான். பேச்சு செல்லாது.

இந்தச் சட்டத்தை மாவட்டம் முழுவதும் அமல்படுத்திய அதிகாரி வீரபாகு. ஓய்வு பெறுவதற்குள் எழுபத்திரண்டு உயிருள்ள மனிதர்களிடம், "நீங்க இறந்துட்டிய" என்று நேருக்கு நேர் சொல்லி அனுப்பியவர். ஒருவர் ஆத்திரத்தில் அவருடைய மேஜைமேல் ஏறிக் குதித்துக்கூடக் காட்டினார். வீரபாகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "வழக்கமாக் குதிப்பியளா?" என்று கேட்டார். இல்லை என்றார் அந்த அப்பாவி. "அப்பம் செல்லாது. இறங்குங்க."

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் யென்ஸ் வந்தார். முப்பந்தல் காற்றாலைகளைச் சோதிக்க டென்மார்க்கிலிருந்து வந்த பொறியாளர். இருபது நாள் தங்கல். வெளிநாட்டு விருந்தாளி என்றால் வழக்கமானியில் 'விருந்தாளி' என்று பதிய வேண்டும். அப்படிப் பதிந்தால் அவர் செய்வதை அது வீட்டு வழக்கத்தில் சேர்க்காது. ஆனால் வெள்ளைக்காரர் ஒருவர் தன் வீட்டில் வெறும் விருந்தாளியாக இருந்தால் தெருவில் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? வீரபாகு அவரை 'சொந்தம்' என்று பதிந்தார்.

"இத உங்க வீடு மாதிரி நெனைச்சுக்கிடணும்" என்றார்.

நம் ஊரில் அப்படிச் சொன்னால், நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொள் என்று அர்த்தம். யென்ஸோ நேர்மையான தேசத்தில் பிறந்தவர், அப்படியே நம்பிவிட்டார்.

காலையில் எழுந்ததும் அத்தனை சன்னலையும் திறந்து, படுக்கை விரிப்பையும் தலையணையையும் வெளியே தூக்கிப் போட்டு வெயில் காட்டினார். அவர்கள் ஊரில் சுத்தமென்றால் அதுதான். காலைச் சாப்பாட்டு மேஜையில், வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில், மெழுகுவத்தி ஏற்றினார். வெளியே போகும்போது ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போனார். திரும்பி வந்ததும் யாரிடமும் முகம் கொடுக்காமல் நேரே குளியலறைக்குள் நுழைந்தார். வீரபாகுவின் மனைவி பிரமநாயகிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"எழவு வீட்டுக்குப் போய்ட்டு வந்த மாதிரில்லா குளிக்காரு!"

"அவுக நாகரிகம் அது. ஒனக்கென்ன தெரியும்?" என்றார் வீரபாகு.

இன்னொரு வினோதமும் இருந்தது. சாப்பிட்ட தட்டை யென்ஸ் தானே கழுவினார். காப்பியைத் தானே போட்டுக்கொண்டார். பிரமநாயகி உட்காரும்வரை சோற்றில் கை வைக்கவில்லை. "அம்மா ஏன் நிற்கிறீர்கள்?" என்று கற்றுக்கொண்ட தமிழில் கேட்டார். முப்பத்திரண்டு வருஷமாக அந்தக் கேள்வி அந்த வீட்டில் கேட்கப்பட்டதில்லை. அன்று அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. "இன்று அடுப்பு வேண்டாம், என் ஊர்ச் சாப்பாடு" என்று யென்ஸ் கறுப்பு ரொட்டி, பாலாடைக்கட்டி, வெள்ளரிக்காய் எல்லாம் எடுத்து வைத்தார். நம் மரியாதைக்காக வாழையிலையில்தான் வைத்தார். சாப்பிட்டு முடித்ததும் இலையைத் தன் பக்கம் மடிக்காமல், அழகாக எதிர்ப்பக்கமாக மடித்தார். கருமாதிப் பந்தியில் மட்டும்தான் நம்மவர்கள் அப்படி மடிப்பார்கள். வீரபாகு ரொட்டியைப் பார்த்தாரே தவிர இலையைப் பார்க்கவில்லை. அந்த ரொட்டி வயிற்றில் செங்கல்லாக உட்கார, கூடத்துத் தரையில் தெற்கே தலை வைத்து மல்லாந்துவிட்டார். தலைமாட்டு முக்காலியில் யென்ஸின் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்த பிரமநாயகி தலைமயிரை விரித்துப் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

வழக்கமானி கூட்டிப் பார்த்தது. படுக்கை வெளியே. அடுப்பு எரியவில்லை. தலைமாட்டில் விளக்கு. வருகிறவர் குளிக்கிறார், போகிறவர் சொல்லிக்கொள்ளவில்லை. இலை எதிர்ப்பக்கம் மடிந்தது. தலைவிரி கோலத்தில் மனைவி. ஒன்றே முக்காலுக்கு அது மெதுவான குரலில் அறிவித்தது: "இவ்வீட்டாருக்கு ஆழ்ந்த இரங்கல்."

மின்விசிறி நின்றது. வாசல் கதவு அகலத் திறந்துகொண்டது. முந்நூற்று நாற்பது உறவினர்களுக்குச் சேதி பறந்தது. பிரமநாயகி அலறினாள். அழுகிறவர்களைக் கட்டிப் பிடித்துத் தேற்றுவது டென்மார்க் பழக்கமாம். யென்ஸ் ஓடிவந்து கட்டிப் பிடித்தார்.

"கட்டியழுதல். சாவு உறுதி செய்யப்பட்டது" என்றது வழக்கமானி.

சத்தத்தில் வீரபாகு எழுந்துவிட்டார். ஆனாலும் இருபதாவது நிமிஷம் தகன வண்டி வந்தது. வந்த இரண்டு பேரும் கூடத்தை எட்டிப் பார்த்தார்கள்.

"பாடி எங்க?"

"நான்தான் வே! உசிரோட நிக்கேன், தெரியலையா?"

"தெரியுது அய்யா. நிக்காம படுத்தா அளவெடுக்கச் சௌகரியமா இருக்கும்."

ஐந்தடி ஆறு அங்குலம் என்று நின்றபடியே அளந்தார்கள். உடலை வண்டியில் ஏற்றும் தூக்குகருவி மட்டும், 'உடல் நடமாடுகிறது' என்று பிழை காட்டி நகர மறுத்தது. இல்லாவிட்டால் கதை இந்த வரியோடு முடிந்திருக்கும்.

மறுநாள் முதல் வீரபாகுவுக்கு அவர் வீடு உதவவில்லை. குழாயின் கீழ் கை நீட்டினால் தண்ணீர் வராது. அவர் உட்கார்ந்தால் விசிறி நிற்கும்; ஆளில்லாத இடத்தில் காற்று வீண் அல்லவா? பிரமநாயகி பிடித்துக் கொடுத்த தண்ணீரைத்தான் குடித்தார். வழக்கமானித் துறையிலிருந்து இசக்கிமுத்து வந்தான். இருபது வருஷம் வீரபாகுவிடம் திட்டு வாங்கிய உதவியாளன். இப்போது அந்த நாற்காலி அவனுடையது.

"இசக்கி, இது அநியாயம்ல! நான் பேசுதேன், கேக்குதா இல்லையா?"

"நல்லாவே கேக்கு சார். ஆனா பேச்சு செல்லாதுல்லா?" என்றான். அவன் முகத்தில் இருந்த துக்கத்தை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் சிரிப்பு வந்துவிடும். "ஒரு வழி இருக்கு. பதினாலாம் விதி. மனைவியோட வழக்கம் மூணு நாள் தொடர்ந்து பழையபடி இருந்துச்சுன்னா, புருஷன் இருக்காருன்னு வழக்கமானி ஒத்துக்கிடும். சாவு ரத்து. மூணு நாள்ல ஒண்ணு தவறினாலும் முடிஞ்சுது. அப்புறம் எந்த அப்பீலும் கிடையாது."

"அவ்வளவுதான?" வீரபாகு மூச்சு விட்டார். "பிரமு, கேட்டியா?"

பிரமநாயகி இசக்கியிடம் தன் வழக்கப் பட்டியலை வாங்கிப் பார்த்தாள். நாலரைக்கு எழுதல். ஐந்துக்கு முதல் காப்பி, ஐந்தே காலுக்கு, 'இது ஆறிப்போச்சு' என்றபின் இரண்டாம் காப்பி. வெந்நீர். அவர் நெற்றியிலேயே இருக்கும் கண்ணாடியைத் தேடிக் கொடுத்தல். அவர் சாப்பிட்டு ஏப்பம் விட்டபின், மிச்சத்தை நின்றபடி சாப்பிடுதல். நான்கு பக்கம் இருந்தது. நான்கையும் நிதானமாகப் படித்தாள்.

யென்ஸ் வெட்கப்பட்டு, விடுதிக்குப் போய்விட்டார். போகும்போது மறக்காமல், "போயிட்டு வர்றேன்" என்றார். அதனால் என்ன பிரயோசனம்?

முதல் நாள் அவள் எல்லாம் செய்தாள். இரண்டாம் காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று வீரபாகு கத்தினார். உயிர் திரும்புகிற தெம்பு. இரண்டாம் நாளும் செய்தாள். மாலையில் குழாய் இரண்டு சொட்டு விட்டது. வீரபாகு அதைப் பார்த்துக் குழந்தைபோல் குதித்தார். "இன்னும் ஒரு நாள்தான், பிரமு. நாளைக்குக் காப்பி கொஞ்சம் கெட்டியா இருக்கட்டும். நேத்து கழுநீரு மாதிரி இருந்துச்சு."

அவள் அந்த நான்கு பக்கத்தையும் எடுத்து இன்னொரு முறை படித்தாள்.

மூன்றாம் நாள் நாலரைக்கு அவர் அவள் கட்டிலருகே நின்றார்.

"பிரமு, மணி நாலரை."

"தெரியும்."

"எந்திரிக்கலையா?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்தவளின் குரலில் பேசினாள். "காப்பிப்பொடி மூணாவது தட்டுல இருக்கு. பால் குளிர்பெட்டில. போட்டுக்கிடுங்க."

"ஏ, வெளையாடாத! இன்னைக்குத் தவறுனா நான் செத்தவன்தான், தெரியுமா? குழாயில தண்ணி வராது. வீட்ட விட்டுத் துரத்திரும்!"

"துரத்தாது. இசக்கிகிட்ட கேட்டுட்டேன். விருந்தாளின்னு பதிஞ்சா தண்ணி வரும், காத்தும் வரும்." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஆனா விருந்தாளி மாதிரி நடந்துக்கிடணுமாம். தட்டக் கழுவணும். குரல் ஒசத்தப்படாது. பழைய ஆளு மாதிரி ஒரு அதட்டல் போட்டியன்னா, செத்தவர் வேஷம் போடுதவன்னு புடிச்சிட்டுப் போயிருவாங்க."

"எனக்கு இது தேவைதானா, பிரமு?"

"அந்த எழுபத்திரண்டு பேரும் இதத்தான் கேட்டுருப்பாங்க" என்று சொல்லிவிட்டு அவள் மறுபக்கம் புரண்டு படுத்தாள். எட்டரை வரை தூங்கினாள். தெருக் காக்கைகளெல்லாம் வந்து சன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போயின.

ஒரு மாதம் கழித்து, பெங்களூரில் மகன் வீட்டிலிருந்து திரும்பிய எதிர்வீட்டு ஆவுடையப்பன் துக்கம் விசாரிக்க வந்தார். வாசலில் ஒரு மனிதர் தட்டுக் கழுவிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"ஏ வீரபாகு! நீ செத்துட்டேன்னு சேதி வந்துச்சே வே? எவன்வே பொய் சொன்னான்?"

தட்டுக் கழுவியவர் நிமிர்ந்து நிலைக்கு மேலே பார்த்தார். உள்ளே ஊஞ்சல் ஆடும் சத்தமும், பிரமநாயகி யாரிடமோ போனில் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தமும் கேட்டன. அவர் குழாயை மூடினார். ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, விருந்தாளிக்குரிய தாழ்ந்த குரலில் சொன்னார்:

"பொய்யில்ல அய்யா. போயிட்டாரு. வெள்ளிக்கிழமை, மத்தியானம். நான் பக்கத்துலதான் இருந்தேன்."